மலாக்காச் செட்டிகள் பேசும் மலாய்



சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் மொழிக் குடும்பங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். திராவிட மொழிகள், இந்தோ ஆரிய மொழிகள் என்று கரும்பலகையில் எழுதி வந்தபோது, மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்க வீட்டு முகப்பில ஒரு பழைய படம் மாட்டியிருக்கு. எங்க பாட்டையா மலாக்காவில எடுத்தது. கோயில் தேருக்கு முன்னால நிக்கிறாங்க. பக்கத்தில நாலு பொம்பளைங்க, பூப்போட்ட கைலியும் நீளச் சட்டையும் போட்டுக்கிட்டு, நெத்தியில திருநீறு பூசியிருக்காங்க. யாருன்னு கேட்டா எங்க அப்பத்தா, 'அவுகளும் செட்டியவுகதான், ஆனா தமிழ் வராது'ங்கிறாங்க. செட்டியவுகளுக்குத் தமிழ் எப்படி டீச்சர் வராமப் போகும்?" என்று கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி அடித்துவிட்டதால் அன்று சுருக்கமாகத்தான் விடை சொல்ல முடிந்தது. விரிவாக எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நிறைவேற்ற இந்த ஆண்டு மலரைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். அப்பத்தா சொன்ன "செட்டியவுக" நம் காரைக்குடி நகரத்தார் அல்லர். மலேசியாவில் மலாக்கா நகரத்தில் "செட்டி மலாக்கா" என்றோர் இனத்தார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகிறார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து வாணிகத்துக்காகச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். செட்டி என்றால் அங்கே வணிகன் என்று பொருள். ஒரு சாதிப் பெயரன்று. அவர்களுடைய குடும்பப் பெயர்களைப் பார்த்தால் பிள்ளை, நாயக்கர், படையாச்சி, பத்தர் என்றெல்லாம் இருக்கும். அவர்கள் சைவ சமயத்தினர், மாரியம்மனையும் பிள்ளையாரையும் வணங்குகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் வீட்டில் பேசுவது தமிழன்று. மலாயைச் சேர்ந்த ஒரு தனிப் பேச்சு மொழி. அதைப் பேசுவோர் இன்று சில நூறு பேர்தாம்.

மலாய் எந்தக் குடும்பத்து மொழி? அன்று கரும்பலகையில் இடமில்லாமல் விட்டுப்போன ஒரு பெருங்குடும்பம் உண்டு. ஆஸ்திரோனேசியக் குடும்பம் என்பது அதன் பெயர். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் அதில் அடங்கும். மேற்கே ஆப்பிரிக்காவின் அருகிலுள்ள மடகாஸ்கர் தீவு, கிழக்கே பசிபிக் மாகடலின் நடுவே ஈஸ்டர் தீவு, வடக்கே தைவான், தெற்கே நியூசிலாந்து: இந்த எல்லைக்குள் அது பரவியிருக்கிறது. உலகப் படத்தை எடுத்து இந்த நான்கு இடங்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கப்பல் ஏறி மொழியைக் கொண்டு சென்றவர்களில் இவர்களுக்கு ஈடு சொல்வது கடினம்.

இவை உறவு மொழிகள் என்று எப்படி அறிகிறோம்? கண்ணுக்கு மலாயில் "மாத்தா" என்று பெயர். பிலிப்பைன்ஸ் நாட்டிலும் அதே சொல். ஹவாய்த் தீவில் "மாக்கா". ஐந்து என்ற எண்ணுக்கு மலாயில் "லீமா". சமோவாத் தீவிலும் "லீமா". மடகாஸ்கரில் சற்றே திரிந்து "டிமி". நம் "கண்" கன்னடத்தில் "கண்ணு" என்றும் தெலுங்கில் "கன்னு" என்றும் வழங்குவது போன்றதே இது. மலாயில் "ஹாரி" என்றால் பகல். "மாத்தாஹாரி" என்றால் பகலின் கண், அதாவது சூரியன். எவ்வளவு அழகான சொல்!

இந்த மொழிகளுக்கும் நமக்கும் நெடுநாள் பழக்கம். மணிமேகலைக் காப்பியம் சாவக நாட்டைப் பேசுகிறது. இராசேந்திர சோழன் 1025-இல் கடாரம் கொண்டான் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். சுமத்திரா தீவின் பாரூசு என்னும் ஊரில், 1088-ஆம் ஆண்டில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டுப் பொறித்தார்கள். வணிகர் சென்ற வழியே சொற்களும் சென்றன. கப்பல் அங்கே "காப்பால்" ஆயிற்று; கடை "கெடாய்" ஆயிற்று; பெட்டி "பெத்தி", கட்டில் "காத்தில்", காவல் "காவால்", முதல் போட்டு வாணிகம் செய்கிறோமே, அந்த முதல் "மோடால்". ஆப்பமும் புட்டும் "ஆப்பாம்", "பூத்து" என்று அங்கே அடுப்பேறின. கழுதைகூட விடுபடவில்லை, அது "கெல்டாய்". அவர்களும் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். தென்பாண்டிச் சீமையிலும் இலங்கையிலும் கைலியைச் "சாரம்" என்கிறோம் அல்லவா? அது மலாயின் "சாருங்". உறை என்பது அதன் பொருள். சந்தையில் விற்கும் ரம்புத்தான் பழம் ரோமம் போர்த்தியது போல இருக்கும். மலாயில் "ரம்புத்" என்றால் தலைமுடிதான்.

இனி மலாக்காவுக்கு வருவோம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா ஒரு பெருந்துறைமுகம். இந்தியக் கடலின் கப்பல்களும் சீனக் கடலின் கப்பல்களும் அங்கேதான் சந்தித்தன. 1512 முதல் 1515 வரை அங்கே தங்கியிருந்த தோமே பிரேசு என்னும் போர்த்துக்கீசியர், அந்தத் துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். வெளிநாட்டு வணிகரைக் கவனிக்கச் சுல்தான் நான்கு துறைமுக அதிகாரிகளை வைத்திருந்தார். ஒவ்வொருவர் பொறுப்பிலும் சில நாட்டார். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழர்கள் துணி கொண்டுபோய், கிராம்பும் சாதிக்காயும் வாங்கி வந்தார்கள்.

அது பாய்மரக் காலம். நினைத்த நாளில் திரும்பிவிட முடியாது. காற்று மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் நாட்டுப் பெண்கள் அந்நாளில் கடல் தாண்டவில்லை. அங்கே தங்கிய தமிழ் வணிகர் சிலர் அந்த மண்ணின் பெண்களையே மணந்துகொண்டார்கள். மலாய்ப் பெண்கள், சாவகப் பெண்கள், சுமத்திராவின் பட்டாக்குப் பெண்கள், பின்னாளில் சீனப் பெண்கள் என்று பல குலத்தவர். பிறந்த குழந்தைகள் எந்த மொழியைப் பேசியிருக்கும்? தந்தையோ கடையிலோ கப்பலிலோ இருப்பார். தொட்டிலை ஆட்டியவள் தாய். சோறூட்டியவளும், "அங்கே போகாதே, விழுந்துவிடுவாய்" என்று அதட்டியவளும் அவளே. ஆகவே குழந்தையின் மொழி அவள் மொழியாயிற்று. தாய்மொழி என்ற சொல்லை நாம் எத்தனையோ மேடைகளில் முழக்கமாகக் கேட்டிருக்கிறோம். அதன் நேர்ப்பொருளை அறிய வேண்டுமானால் மலாக்காச் செட்டிகளின் வீட்டுக்குப் போக வேண்டும். தந்தை வழியில் தெய்வமும் பெயரும் வந்தன. தாய் வழியில் மொழி வந்தது.

1511-இல் அல்புக்கர்க் என்னும் போர்த்துக்கீசியத் தளபதி மலாக்காவைப் பிடித்தார். அதற்கு இரண்டாண்டு முன்னதாக அங்கே சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவியவர் ஒரு தமிழ் வணிகர். போர்த்துக்கீசிய ஏடுகளில் அவர் பெயர் "நைனா சாத்து" என்று வருகிறது. நன்றிக்கடனாக அவருக்குப் "பெண்டஹாரா" என்னும் உயர் பதவி கிடைத்தது. 1514-இல் அது பறிபோயிற்று. அதே ஆண்டில் அவரும் இறந்தார்.

இந்த இடத்தில் நம் பள்ளிக்குரிய ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 முதல் முத்துக்குளித்துறையில் பணி செய்தவர். தமிழறிந்தவர்களைத் துணைக்கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தவர். அதே சவேரியார் 1545-இல் மலாக்கா சென்று, அங்கே அதே வேலையை மலாய் மொழியில் தொடங்கினார். விசுவாசப் பிரமாணமும் மற்றச் செபங்களும் அந்த மொழியில் ஆயின. அடுத்த ஆண்டு மே மாதம் அம்போய்னாத் தீவிலிருந்து எழுதிய கடிதத்தில், மலாய் அந்தப் பகுதியெங்கும் பேசப்படுவதையும் அது அரபு எழுத்தில் எழுதப்படுவதையும் குறிப்பிடுகிறார். தமிழும் மலாயும் ஆகிய இரண்டையும் வயது வந்தபின் திக்கித் திணறிக் கற்ற ஒருவர் அவர். இங்கிலீஷ் வரவில்லை என்று அழுகிற பிள்ளைகள் இதைக் கவனிக்கவும்! 1552 திசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையோரத் தீவில் அவர் இறந்தபின், அவருடைய திருவுடல் 1553 மார்ச்சில் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, குன்றின் மேலிருந்த ஆலயத்தில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பிறகுதான் கோவாவுக்குப் போயிற்று. அந்த ஆலயம் இன்று கூரையின்றி நிற்கிறது.

1641-இல் டச்சுக்காரர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்தில் செட்டிகளுக்குத் தலைவராக ஒரு "கப்பித்தான்" இருந்தார். தைவநாயகம் செட்டி என்னும் கப்பித்தானுக்கு டச்சு அரசு கொடுத்த நிலத்தில் 1781-இல் எழுந்ததுதான் பொய்யாத விநாயகர் கோயில். மலேசியாவில் இன்றுள்ள மிகப் பழைய இந்துக் கோயில்களுள் ஒன்று. அது இருக்கும் தெருவுக்குத் தட்டார் தெரு என்று பொருள்படும் மலாய்ப் பெயர். அதே தெருவில் இந்திய முசுலிம்களின் பழைய பள்ளிவாசல் ஒன்றும், சற்றுத் தள்ளிச் சீனர் கோயில் ஒன்றும் இருக்கின்றன. 2008-இல் மலாக்கா நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நம்மூரின் கதை இங்கேதான் வந்து சேர்கிறது. காலப்போக்கில் அந்தக் கோயிலின் நிர்வாகம் நகரத்தாரிடம் வந்தது. மாசி மகத்தன்று அங்கிருந்து வெள்ளித் தேர் புறப்பட்டு, செங் என்னும் இடத்திலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகிறது. பாட்டையா நின்றது அந்தத் தேருக்கு முன்னால்தான் என்று நினைக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவிற்கப் போன நகரத்தாரும், நானூறு ஆண்டுக்கு முன்பே போய்த் தங்கிவிட்ட செட்டிகளும் ஒரே பிள்ளையாரின் முன் கைகூப்பி நின்றார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? நகரத்தார் மூன்றாண்டுக் கணக்குக்குப் போனார்கள். கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். போன இடத்தில் கிட்டங்கியில் வரிசையாகப் பெட்டி வைத்து உட்கார்ந்தார்கள்; சமையற்காரரும் பெட்டியடிப் பையனும்கூட ஊரிலிருந்தே போனார்கள். மனைவி மக்கள் இங்கே வளவில் இருந்தார்கள். கடிதமும் கணக்கும் கோயிலும் தமிழிலேயே நடந்தன. மலாக்காவில் தங்கியவருக்குத் திரும்பிவரும் வீடு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. டச்சுக்காரர் கையில் வாணிகம் போனபின் செல்வமும் குறைந்தது. நகரின் நடுவிலிருந்து விலகிக் காசா பெராங் என்னும் புறப்பகுதியில் குடியேறித் தோட்டம் துரவு பார்த்தார்கள். அந்தக் குடியிருப்புக்குக் "கம்போங் செட்டி" என்று பெயர். கம்போங் என்றால் கிராமம். அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் 1822-இல் கட்டப்பட்டது.

இப்போது அவர்கள் பேச்சைச் சிறிது கற்போமா? எழுதுகோலை எடுத்துக்கொள்ளுங்கள்.

மலாயில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. "மாக்கான்" என்றால் உண். உண்டேன், உண்கிறேன், உண்பாள் எல்லாவற்றுக்கும் அதே "மாக்கான்". முடிந்துவிட்டது என்று காட்ட முன்னால் "சூடாஹ்" என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். "சூடாஹ் மாக்கான்" என்றால் சாப்பிட்டாயிற்று. அவன், அவள் என்ற வேறுபாடும் இல்லை; இருவருக்கும் "டியா". பன்மைக்குச் சொல்லை இரட்டிப்பது வழக்கம்: "ஆனாக்" குழந்தை, "ஆனாக் ஆனாக்" குழந்தைகள். இலக்கணத் தேர்வில் மதிப்பெண் இழக்கும் மாணவிகளுக்கு இந்த மொழி பிடித்துப்போகும்.

ஆனால் ஓரிடத்தில் மலாயும் தமிழும் கைகோத்துக்கொள்கின்றன. நாம் "நாம்" என்றும் "நாங்கள்" என்றும் பிரித்துச் சொல்கிறோம். கேட்பவரையும் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். இங்கிலீஷில் இதற்கு வழியே கிடையாது. மலாயில் உண்டு: "கித்தா" என்றால் நாம், "காமி" என்றால் நாங்கள். ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் ஒரே நுட்பத்தைக் கண்டிருக்கின்றன.

இவையெல்லாம் பொது மலாய். செட்டிகளின் மலாய் இதிலிருந்து சற்று வேறுபடும். மலாக்காவில் வாழும் சீன வம்சாவளியினரான பாபாக்களின் மலாய்க்கு அது நெருங்கிய உறவு. பள்ளிப் புத்தக மலாயில் வீடு "ரூமாஹ்". செட்டிகள் "ரூமா" என்று முடித்துவிடுவார்கள். கறுப்புக்கு "ஹீத்தாம்" என்பது அவர்கள் வாயில் "ஈத்தாம்". ஹகரம் அவர்களுக்கு ஆகாது. தீவு "பூலாவ்" என்பது "பூலோ". ஆறு "சுங்ஙாய்" என்பது "சுங்ஙே". நாமும் தலை, மலை என்று எழுதிவிட்டுத் "தலெ", "மலெ" என்றுதானே பேசுகிறோம்! பொது மலாயில் "என் வீடு" என்பதை "ரூமாஹ் சாயா" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "வீடு நான்". உடைமை முன்னே, உடையவர் பின்னே. மலாக்காவின் பேச்சு மலாயிலோ "சாயா புன்யா ரூமா" என்று வரும். நான், உடைய, வீடு. வரிசையைப் பாருங்கள், நம் "என்னுடைய வீடு" அப்படியே நிற்கிறது. பல மொழிக்காரர்கள் சந்தையில் கூடிப் பேசிப் பேசி உருவான வழக்கு இது. சீனரின் பேச்சிலும் உடையவரே முன்னே நிற்பார். எனவே தமிழுக்கு மட்டும் இந்தப் பெருமையைக் கொடுத்துவிடுவது நேர்மையாகாது.

தமிழ்ச் சொற்கள் அவர்களிடம் எங்கே எஞ்சியிருக்கின்றன? பெரும்பாலும் சாமி வீட்டிலும் சடங்கிலும்தான். மணமகன் தலையில் கட்டுவது "தாலாப்பா", நம் தலைப்பாகை. பொங்கலைப் "பொங்கால்" என்கிறார்கள். போகியன்று முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள். இறந்தவர்களுக்குப் பிடித்த உணவுகளைச் சமைத்து, வாழையிலை விரித்து, விளக்கேற்றி வைத்து, அவர்கள் வந்து உண்பதாக எண்ணிச் சற்று நேரம் காத்திருப்பார்கள். அதற்குப் "பார்ச்சு" என்று பெயர். ஆண்டில் இன்னொரு முறையும் பார்ச்சு உண்டு. சூன், சூலை மாதங்களில் துரியனும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் பழுக்கும் காலத்தில் பழப் பார்ச்சு. பார்ச்சு என்ற சொல் என் காதுக்குப் "படைச்சு" என்றே கேட்கிறது. நகரத்தார் வீடுகளில் முன்னோர்க்குச் செய்யும் "படைப்பு" உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் சபையிலும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று இறந்தோரை நினைக்கிறோம். துரியன் பழம் வைத்து நினைப்பது மலாக்காவுக்கே உரியது.

என்னை மிகவும் வியக்க வைத்தது ஒரு பெயர். நம் மீனாட்சிபுரத்து முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனியில் பால்குடம் எடுப்பதைக் காரைக்குடியே பார்க்கும். அந்தப் பெயரிலுள்ள முத்து எது? கடல் முத்தன்று. அம்மை கண்டவர் உடலில் முத்து முத்தாகப் போடுகிறதே, அந்த முத்து என்று பெரியவர்கள் சொல்வார்கள். கம்போங் செட்டியிலும் முத்துமாரியம்மன்தான். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே பெருந்திருவிழா. ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் "டாத்தோ சாச்சார்" விழா. "சாச்சார்" என்றால் அம்மை நோய். "டாத்தோ" என்றால் தாத்தா, வணக்கத்துக்குரிய பெரியவர். மொழியை மறந்தவர்கள் பெயரின் பொருளை மறக்கவில்லை. முத்து என்பதை அப்படியே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பின் நடுவில் அம்மன் தாத்தாவாகிவிட்டது வேறு விஷயம்!

உடை முழுவதும் அந்த நாட்டு உடைதான். பெண்கள் சாருங்கும் கெபாயா என்னும் சட்டையும் அணிவார்கள். படத்தில் நீங்கள் பார்த்த நீளச் சட்டை அந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கும். உணவிலும் அப்படியே, தேங்காய்ப் பாலில் வெந்த சோறும், புளியும் மிளகாயும் பெலச்சான் என்னும் இறால் விழுதும் சேர்ந்த குழம்பும். நாம் கவுனி அரிசியில் செய்கிற இனிப்பு போல, அங்கும் கறுப்பு ஒட்டரிசியில் தேங்காய்ப் பால் ஊற்றிச் செய்வதுண்டு.

இதற்கு நேர்மாறான ஒரு கதை இலங்கையில் இருக்கிறது. அதையும் அறிந்துகொள்வது நல்லது. டச்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சாவகத்திலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் போர்வீரர்களையும், நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்தினரையும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய வழியினரே இலங்கை மலாயர். 2012 குடிக்கணக்கில் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள். முசுலிம்களாகிய இவர்கள், தமிழ் பேசும் முசுலிம்களோடு பழகியும் மணம் செய்தும் வாழ்ந்தார்கள். சொற்கள் மலாயாகவே இருக்க, இலக்கணம் மட்டும் தமிழையும் சிங்களத்தையும் ஒட்டி மாறிவிட்டது. பொது மலாயில் கண்டிக்கு என்பது "கெ கண்டி". உருபு முன்னே நிற்கும். இலங்கை மலாயர் "கண்டிநாங்" என்கிறார்கள். கண்டியில் என்பது "கண்டிக்கா". கண்டியிலிருந்து என்பது "கண்டிடெரிங்". உருபு நம்மைப் போலப் பின்னே வந்து ஒட்டிக்கொண்டது. வினைச்சொல்லும் வாக்கியத்தின் கடைசிக்கு வந்துவிட்டது. மலாக்காவில் தமிழர் மலாய் பேசுகிறார்கள். இலங்கையில் மலாயர் தமிழ் முறையில் மலாய் பேசுகிறார்கள். அண்டை வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவு வலிமை!

மலாக்காச் செட்டிகளின் இன்றைய நிலை கவலைக்குரியது. தோட்டங்களுக்கும் ரயில் வேலைக்குமாகப் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் மலாயா சென்ற தமிழர்கள், தமிழ் தெரியாத இவர்களை "நம்மவர்" என்று எளிதில் ஏற்கவில்லை. மலாயரோ முசுலிம்கள், கோயிலுக்குப் போகிற இவர்கள் மலாய் பேசினாலும் மலாயர் ஆக முடியாது. இளைஞர்கள் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். கம்போங் செட்டியில் எஞ்சியிருப்பவை சில குடும்பங்களே. பெரும்பாலோர் வெளியில் மணம் செய்துகொள்கிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் படிப்பது புத்தக மலாயும் இங்கிலீஷும். "ரூமா" என்று பாட்டி சொன்னால், "ரூமாஹ்" என்று பேத்தி திருத்துகிறாள். இரண்டும் மலாய்தானே, இதில் என்ன இழப்பு என்று நீங்கள் கேட்கலாம். வேறு மொழி வந்து ஒரு மொழியை விழுங்கினால் எல்லாருக்கும் தெரியும். உடன்பிறந்த மொழியே வந்து விழுங்கினால் "திருத்திப் பேசுகிறாள்" என்றுதான் ஊர் சொல்லும். நம் வகுப்பில் ஒருத்தி "அவுக", "வந்தாக" என்று பேசினால் மற்றவர்கள் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பை வைத்து நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்த மாணவி எழுந்து கேள்வி கேட்டபோது வகுப்பு சிரித்ததும் அப்பத்தாவின் பேச்சைக் கேட்டுத்தான்.

இத்தனைக்கும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. கம்போங் செட்டியில் ஒரு சிறிய அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். குடியிருப்பை ஒட்டி மாடமாளிகைகள் எழுப்பத் திட்டம் வந்தபோது கூடி எதிர்த்தார்கள். 2018-இல் சிங்கப்பூரின் இந்திய மரபுடைமை நிலையத்தில் இவர்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. பல குடும்பங்கள் தங்கள் பெட்டியிலிருந்த நகைகளையும் படங்களையும் எடுத்துக் கொடுத்தன. மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதியோரின் பேச்சைப் பதிவு செய்து நூல் எழுதியிருக்கிறார்கள். சிலர் தமிழையும் புதிதாகக் கற்கிறார்கள். தமிழ் கற்பது நல்லதே. ஆனால் தமிழ் கற்றுக்கொண்டதும் பாட்டியின் மலாயை விட்டுவிட்டால், ஐந்நூறு ஆண்டுகளில் இரண்டாம் முறையாக அவர்கள் ஒரு மொழியை இழப்பார்கள். அந்த நகரத்திலேயே போர்த்துக்கீசிய வழிவந்த கத்தோலிக்கர் பேசும் கிறிஸ்தாங் என்னும் மொழியும் இதே இக்கட்டில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் சூன் 29-இல் புனித இராயப்பர் திருநாளைப் படகுகளை அலங்கரித்துக் கொண்டாடும் மீனவ மக்கள் அவர்கள்.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் அந்த மாணவியிடம் கொடுத்து, அப்பத்தாவிடம் படித்துக் காட்டச் சொன்னேன். மறுநாள் அவள் ஓடிவந்தாள். பாட்டையா அப்பத்தாவுக்கு மாமனார் முறை. மலாக்காவிலிருந்து திரும்பிய புதிதில் அவர் வளவுக்குள் வரும்போதெல்லாம், எதிரே வருகிற பிள்ளைகளைப் பார்த்து "சூடா மாக்கான்?" என்று கேட்பாராம். அங்கே யாரையும் பார்த்ததும் கேட்கிற குசலம் அது: சாப்பிட்டாயிற்றா என்று. கடைசி ஹகரம் இல்லாமல் கேட்டிருக்கிறார் என்றால், அந்தத் தேரின் அருகே நின்றவர்களிடம்தான் கற்றிருப்பார். புது மருமகளாக வந்திருந்த அப்பத்தாவுக்கு அது தெரியாது. மாமனார் சாப்பாடு சூடாக இருக்கிறதா என்று கேட்கிறார் என்று எண்ணி, அவர் குரல் கேட்டதும் அடுப்பங்கரைக்கு ஓடிக் குழம்பைச் சுட வைப்பாராம். அவர் இருந்தவரை அந்த வீட்டில் ஆறிய குழம்பு பரிமாறியதே இல்லையாம்.